கொத்துச் சத்தத்துக்கு ஒரு சுவர்

என் மகளுக்கு,

நீ சுகமா, மாப்பிள்ளை சுகமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசணும் என்று லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற ராமையா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சரி, கேட்டாச்சு. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். "அண்ணே, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, பேனா என்ன செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியா, வீசிக்கிட்டே போக?" என்கிறான். அதையும் எழுதுடா என்றேன். எழுதிவிட்டான். போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு "சாப்பிட்டியா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. போன கிழமை நீ எடுத்தபோதும் அதுதான் நடந்தது. வெள்ளவத்தையில் ஒரு பெரிய முதலாளி சாப்பாட்டுக் கடை அமைக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறார், சுவரெல்லாம் கண்ணாடியும் நாலு பக்கமும் டிவியும் கேட்கிறார், "எனக்குப் பயமா இருக்குப்பா, நான் சொல்றது சரியான்னே தெரியல" என்றாய். நான் என்ன சொன்னேன்? சாப்பிட்டியா என்றேன். ராத்திரி பூரா அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? வாழ்நாள் முழுக்கத் தேயிலைச் செடியை வெட்டிய ஆள் நான். ஆனால் பதுளையில் நீ அமைத்த அந்த மேல்மாடியில் என் கண்ணால் ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே சொல்லலாம் இல்லையா?

உங்கம்மா கல்யாணமாகி வந்த வருசமே தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போனவள். கொழுந்து அரைக்கிற மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்று தூள் சலிக்கிற வேலை. மலையில் நிற்கிற எங்களுக்கு மழை, அட்டை. ஸ்டோருக்குள் நிற்கிறவளுக்கு என்ன கஷ்டம் என்று எல்லாரும் சொன்னோம். சாயங்காலம் வந்தால் காது அடைத்து, கொஞ்ச நேரம் உரக்கப் பேசுவாள். பிறகு சரியாகிவிடும். வருசம் போகப் போக சரியாகிறது குறைந்தது. லயத்தில் நானும் அவளும் முகம் பார்த்துப் பேசினால் எல்லாம் கேட்கும். அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து ஒரு ரேடியோவும் பாடினால் ஒன்றும் கேட்காது. எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக வரும் என்பாள். கேட்காததைக் கேட்டது போலத் தலையாட்டுவாள். கேள்விக்கும் தலையாட்டலுக்கும் பொருந்தாமல் போனால் சிரிப்பார்கள். அதனால் கல்யாண வீட்டுக்குப் போனால் நேராக அடுப்படிக்குள் நுழைந்துகொள்வாள். வெங்காயம் உரித்தே சபையைக் கடத்திவிடுவாள். "ஸ்டோருக்காரிக்குத் தலக்கனம், நம்மளோட ஒக்காந்து ஒரு வா திங்க மாட்டா" என்று லயமே பேசியது.

நீ மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. தொண்ணூறுகளின் தொடக்கம். தீபாவளிக்குத் துணி எடுக்க பதுளைக்குப் போனோம். நமுனுகுலப் பக்கத்தில் மழை விடாமல் அடித்து, பஸ் நேரத்துக்கு வராமல், டவுனுக்குப் போய்ச் சேரும்போது மூன்று பேருக்கும் பசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஏறினோம். வாசலிலேயே கொத்து ரொட்டிக் கல். இரண்டு கையிலும் தகட்டை வைத்துக்கொண்டு ஒரு தடியன் டக்கு டக்கு என்று கொத்துகிறான். உள்ளே ரேடியோ, மேலே தகரக் கூரையில் மழை. இடமில்லாமல் ஒரு சிங்களப் பெரியவர் இருந்த மேசையில் நம்மை உட்கார வைத்தார்கள். கடைப்பையன் வடை, ரோல்ஸ், மீன் பணிஸ் எல்லாம் குவித்த ஒரு தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "அக்கா, எடுக்கிறதுக்கு மட்டுந்தான் காசு, மிச்சத்த வச்சிருங்க" என்றான். டவுன் கடைகளில் அதுதான் வழக்கம். உங்கம்மாவுக்குக் கொத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள். தட்டு வந்துவிட்டது, நமக்கு வந்தது என்று நினைத்தாள். லயத்தில் ஒரு தட்டுப் பலகாரம் வந்தால் என்ன செய்வாள்? அதையே செய்தாள். உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. பிறகு எதிரில் இருந்த அந்தப் பெரியவரின் தட்டில் ஒரு வடையும் ஒரு பணிசும் எடுத்து வைத்தாள். அவர் அவளையும் வடையையும் பார்த்தார். பிறகு குடையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். உங்கம்மா மிச்சத்தைப் பக்கத்து மேசைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பையன் பார்த்துவிட்டு, "முதலாளி! முழுத் தட்டையும் ஊருக்குப் பந்தி போட்டுட்டாங்க!" என்று கத்தினான். கடையே சிரித்தது. கொத்துப் போடுகிறவன்கூட கையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவளுக்கு வார்த்தை கேட்கவில்லை. வாய்கள் திறந்திருப்பதை மட்டும் பார்த்தாள். அதற்குப் பிறகு பதினைந்து வருசத்துக்கு மேல் உங்கம்மா எந்தச் சாப்பாட்டுக் கடையின் படியும் ஏறவில்லை.

நீ கொழும்புக்குப் போய்ப் படித்தாய். என்ன படிப்பு என்று லயத்தில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "கட்டடத்துக்கு உள்ள எல்லாம் எப்படி இருக்கணும்னு படிக்கிது" என்பேன். "அலுமாரிய எங்க வைக்கிறதுன்னு சொல்லவா காலேஜு?" என்று இதே ராமையாதான் கேட்டான். இப்போது தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான். உனக்கு வந்த முதல் வேலையே பதுளையில், அந்தப் பழைய கடையின் மேல்மாடியை அமைக்கிறது. அதே முதலாளி, முடிதான் வெளுத்திருந்தது. அதே மாதங்களில்தான் மாப்பிள்ளையைப் பற்றியும் எங்களிடம் சொன்னாய். யாழ்ப்பாணத்து ஆட்கள், பதுளையிலேயே வேலை பார்த்து வீடு கட்டித் தங்கியவர்கள், அப்பா இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சந்தோசம். உங்கம்மாவுக்கும் சந்தோசம்தான். ஆனால் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "படிச்சவங்க முன்னாடி நான் ஒக்கார மாட்டேன். ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுவேன். பொண்ணோட ஆத்தாவுக்குப் புத்தி சரியில்லன்னு நெனச்சு கல்யாணத்த நிறுத்திட்டா? நீங்க போய்ப் பேசுங்க. கல்யாணத்தன்னிக்கும் நான் அடுப்படியில இருந்துக்கிறேன்." பெற்றவள், மகளின் கல்யாணத்தில் அடுப்படியில். நீ ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது.

வேலையைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, அந்த நாள். மேல்மாடி காலியாகக் கிடந்தது. நாலு சிமெண்டுச் சுவர், டைல்ஸ் பதித்த தரை. நீ நடுவில் போய் நின்று கையைத் தட்டினாய். ஒரு தட்டு. சத்தம் சுவரில் மோதி, கூரையில் மோதி, திரும்பி வந்து என் பல்லில் ஏறியது. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். இன்னொரு மூலைக்குப் போய் இன்னொரு தட்டு. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு நீ கீழே வாசலில் இருந்த கொத்துக் கல்லைக் காட்டி, இதற்கும் மேலே ஏறுகிற படிக்கும் நடுவில் மொத்தமான செங்கல் சுவர் வேணும், படியின் தலையில் இறுக்கி மூடுகிற கதவு வேணும் என்றாய். முதலாளி குதித்தார். "என்னா மகளே சொல்ற? கொத்துச் சத்தம் கேட்டாத்தான் ரோட்டுல போறவன் உள்ள வருவான். என் அப்பன் காலத்துல இருந்து அந்தச் சத்தந்தான் நமக்கு போர்டு!" நீ சிரித்துக்கொண்டே, "சத்தம் ரோட்டுக்குப் போகட்டும் முதலாளி. ரோட்டுல போறவனத்தான கூப்பிடணும்? உள்ள வந்து ஒக்காந்தவன எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்க?" என்றாய். சுவருக்குச் சரி என்றார். டிவிக்கு மட்டும் கடைசி வரைக்கும் சண்டை போட்டார். ஒன்றே ஒன்று, கீழே, காசு மேசைக்குப் பக்கத்தில் என்று முடிந்தது.

அதற்குப் பிறகு நீ செய்ததெல்லாம் எனக்கு வித்தை மாதிரிதான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அடித்து, அதில் தேங்காய்த் தும்பை அடைத்து, மேலே கொழுந்துச் சாக்கை இழுத்துக் கட்டச் சொன்னாய். அரைவாசியை நானும் ராமையாவும் லயத்து வாசலில் உட்கார்ந்து அடைத்தோம். "மெத்தையா தைக்கிறீங்க?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அந்தச் சட்டங்களை நீ கூரையில் தொங்கவிட்டாய், சுவரில் பதித்தாய், மேசைக்கு அடியில்கூட ஒட்டினாய். எல்லாம் ஏறின பிறகு மறுபடியும் கையைத் தட்டினாய். மகளே, நான் தோட்டத்தில் பாறை உடைந்து உருண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரியில் ஓடை தன் வழியை மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சத்தம் பிறந்த இடத்திலேயே பிசைந்த மாவில் விழுந்த மாதிரி அமுங்கிப்போனதை அன்றைக்குத்தான் கண்டேன். நானும் ஒரு தரம் தட்டிப் பார்த்தேன். முதலாளியும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மூலையில் போய்த் தட்டினார்.

மேசைகளை வட்டமாகச் செய்யச் சொன்னாய். ஆசாரி, "வட்டம்னா மூல வீணாப் போகுமே தங்கச்சி" என்றான். எதிரில் இருக்கிறவருடைய தட்டுக்குக் கை எட்டணும், அவ்வளவு அகலம் போதும் என்றாய். விளக்கைக் கூரையோடு வைக்காமல் கீழே இறக்கி, சாப்பிடுகிறவர்களின் முகத்தில் விழுகிற மாதிரி தொங்கவிட்டாய். ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரும் உட்காராதபடி நாற்காலிகளைத் திருப்பினாய். ஏன் என்று கேட்டேன். "வெளிச்சம் பின்னால இருந்தா மூஞ்சி இருட்டாயிரும்பா. வாய் அசையிறது தெரியாது" என்றாய். நான் தலையாட்டினேன். கேட்டேன், ஆனால் விளங்கவில்லை. கை கழுவுகிற குழாயை எல்லாக் கடையிலும் கழிவறைக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்பார்கள். நீ அதைச் சாப்பிடுகிற இடத்திலேயே, நாலு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். இப்போது போய்ப் பார்த்தால் தெரியாத ஆட்கள் கை கழுவிக்கொண்டே, "எந்தப் பக்கம் பஸ்?" "மழை விட்டிருச்சா?" என்று பேசிக்கொள்கிறார்கள். கையில் ஈரம் காய்வதற்குள் ஒரு சிநேகம்.

கடை திறந்த பிறகு, சம்பந்தி வீட்டுக்காரர்களை அங்கேயே சந்திக்கலாம் என்று நீ ஏற்பாடு செய்தாய். உங்கம்மாவிடம், "என் வேலையப் பாக்க மட்டும் வாங்கம்மா" என்றாய். அவள் வந்தாள். படியேறினதும் அவள் கண் தேடியது அடுப்படிக் கதவைத்தான். இரண்டு எட்டு அந்தப் பக்கம் வைத்தும்விட்டாள். நீ கையைப் பிடித்து, சுவரோரத்து மேசையில், சாக்குச் சட்டத்துக்கு முதுகு கொடுத்து உட்கார வைத்தாய். சம்பந்தியம்மாவை அவளுக்கு நேர் எதிரில் உட்கார வைத்தாய். மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடை நிறைந்திருந்தது. கீழே கொத்துக் கல் வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் மேலே பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கரண்டியைக் கீழே போட்டது தெளிவாகக் கேட்டது.

பையன் வடையும் ரோல்சும் குவித்த தட்டை நடுவில் கொண்டுவந்து வைத்தான். உங்கம்மா கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சம்பந்தியம்மா மெல்லிய குரல்காரி. வார்டில் நோயாளி எழும்பாமல் பேசிப் பழகிய குரல். "உங்கட மகள் சின்னனிலை எப்பிடி? குழப்படியோ?" என்று கேட்டார். கேட்டது உங்கம்மாவைப் பார்த்து. இப்படி நேரத்தில் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்லிச் சமாளிப்பேன். வாயைத் திறந்துவிட்டேன். மேசைக்கு அடியில் உன் கால் என் காலை ஒரு மிதி மிதித்தது. இன்றைக்கும் அந்தச் சுண்டுவிரல் வலிக்கிறது.

உங்கம்மா சம்பந்தியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அந்த முகத்தில் பால் மாதிரி விழுந்திருந்தது. பிறகு சொன்னாள்: "குழப்படியா? அத ஏன் கேக்கிறீங்க. கொழுந்துச் சாக்கையெல்லாம் கட்டிலுக்கு அடியில தொங்கவிட்டு வீடு கட்டும். பூனையப் புடிச்சு உள்ள வச்சு, இதுதான் விருந்தாளி, டீ குடுங்கன்னு சொல்லும். பூனைக்கு டீ ஊத்தலேன்னு நானும் அது கிட்ட அடி வாங்கியிருக்கேங்க." சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே மகனைக் காட்டினார். "எங்கட இவர் மட்டும் என்ன? ஊசி மருந்து எல்லாம் எடுத்து நாய்க்குப் போடப் போனவர்" என்றார். மாப்பிள்ளை, "அம்மா!" என்றார். உங்கம்மா அதுக்கும் சிரித்தாள். சரியான இடத்தில், சரியான நேரத்தில் சிரித்தாள். மகளே, முப்பது வருசமாக அவளோடு வாழ்கிற எனக்கு, நாலு பேர் நடுவில் அவள் பேசுவதைக் கேட்க எப்படி இருந்தது தெரியுமா? கோயிலில் திரை விலகும்போது எல்லாரும் கையைத் தூக்குவார்களே, அப்படித் தூக்கணும் போல இருந்தது. யாரைப் பார்த்துத் தூக்குவது? கூரையில் தொங்கின தும்புச் சட்டத்தையா, விளக்கையா, உன்னையா?

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தட்டில் இருந்ததெல்லாம் ஆறிப்போனது. அப்போது உங்கம்மா திடீரென்று கையை நீட்டி, ஒரு வடையை எடுத்து சம்பந்தியம்மாவின் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, "ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். "எனக்குக் காது சரியாக் கேக்காது. ஸ்டோரு மெஷின் தின்னுருச்சு. இங்க நீங்க பேசுறது கேக்குது, ஏன்னு தெரியல. கல்யாணத்தன்னிக்கு மேளம் அடிக்கையில நீங்க எதுவும் கேட்டீங்கன்னா நான் சும்மா சிரிப்பேன். கிறுக்கச்சின்னு நெனச்சிராதீங்க. முக்கியமான பேச்சுன்னா இங்க வந்து பேசிக்குவோம்." இத்தனை வருசம் ஒளித்து வைத்ததை, லயத்தில் ஒருத்தருக்கும் சொல்லாததை, முதல் நாள் பார்த்த மனுசியிடம் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ஓம், அப்ப மேளக்காரன் அடிக்கட்டும். நாங்கள் ரெண்டு பேரும் சும்மா சிரிப்பம்" என்றார்.

இறங்கும்போது படியில் உன்னைக் கேட்டேன். அம்மாவுக்காகத்தான் இதையெல்லாம் செய்தாயா என்று. நீ சொன்னாய்: "அம்மாவுக்கும் சேத்துத்தாம்பா. சின்னப் பிள்ளையில இந்தக் கடையில எல்லாரும் சிரிச்சாங்களே, அது எனக்கு ஞாபகமில்ல. அந்த சிங்களத் தாத்தா தட்டுல அம்மா வடை வச்சதும் அவர் மூஞ்சி மாறிச்சே, அதுதான் ஞாபகம். அம்மா தப்பா ஒண்ணும் செய்யல. கடைதான் சத்தமா இருந்துச்சு." நான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். அதே மேசையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. உனக்கு அதற்குள் ஒரு கடையே தெரிந்திருக்கிறது. என் வயிற்றுக்கு அரிசி தேடிப் போன கால்களுக்குப் பின்னால் இப்படி ஒரு பிள்ளை நடந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பு அடங்கவில்லை.

கல்யாணத்தில் மேளம் அடித்தது. உங்கம்மா முன் வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மா எல்லாம் கேட்டுக்கொண்டே அதே சிரிப்பு. அதை நீயும் பார்த்தாய். அவள் காது ஆறவில்லை, ஆறப்போவதுமில்லை. ஆனால் பதுளையில் அவளுக்குக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தையிலும் உங்கம்மா மாதிரி ஆட்கள் இருப்பார்கள். தலையை ஆட்டிவிட்டு அடுப்படியைத் தேடுகிறவர்கள். அந்த முதலாளிக்கு அவர்களைத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ சொல்வது சரியா என்று என்னைக் கேட்டாய். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்கம்மா காலையிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு பதுளை பஸ் ஏறிவிட்டாள். சம்பந்தியம்மாவும் அங்கே வந்துவிடுவார். இரண்டு பேரும் மேல்மாடியில் அந்தச் சுவரோரத்து மேசையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு பகல் வரைக்கும் பேசுகிறார்களாம். நானும் வரவா என்று கேட்டேன். "நீங்க எதுக்கு? நாங்க பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உன் அப்பா